ஏற்காட்டுல ஒரு ஹோம்ஸ்டே: வியூவுக்கு 3 ஸ்டார், தண்ணி வடியற வழிக்கு 5 ஸ்டார்

முதல்லயே சொல்லிடறேன், நீச்சல் குளம், கேம்ப் ஃபயர், டிஜே நைட்டு, பால்கனில நின்னா மேகம் மூஞ்சில வந்து மோதும், இந்த மாதிரி எதிர்பார்த்து படிக்க வந்தவங்க இதோட நிறுத்திக்கலாம், இந்த எடத்துல அதெல்லாம் கிடையாது. ரூமே மொத்தம் நாலு தான். பேரு போடல, ஏன்னா ஓனர் அக்காவே "எழுதறதா இருந்தா பேரு மட்டும் போடாதீங்க தம்பி, வர்றவங்களுக்கு சமைச்சுப் போடவே ஆளு பத்தல"ன்னு சொல்லிட்டாங்க. டவுன விட்டு தள்ளி ஒரு காபி எஸ்டேட்டுக்குள்ள இருக்கு. ஏற்காட்டுல தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா நான் கீழ சொல்ற அடையாளத்த வெச்சு கேட்டா கண்டுபிடிச்சிடுவாங்க.

எனக்கு தொழிலே தடுப்புச்சுவர், செக் டேம், ரோட்டோர கால்வாய், இந்த மாதிரி வேலைங்க தான். அதனால மலைக்கு போனா எல்லாரும் பள்ளத்தாக்க பாத்து போட்டோ எடுப்பாங்க, நான் பில்டிங்குக்கு பின்னாடி போயி மண்ண பாப்பேன். வீட்டம்மாவுக்கு இது பெரிய எரிச்சல். "ஊர்ல எல்லாரும் பாத்ரூம் சுத்தமா இருக்கான்னு பாப்பாங்க, நீங்க ஒருத்தர் தான் பாத்ரூம் தண்ணி எங்க போகுதுன்னு பாக்கறீங்க"ன்னு இந்த தடவையும் ஆரம்பிச்சாங்க. ஆனா மலைல தங்கற எடத்துக்கு ரிவ்யூ எழுதணும்னா பெட்ஷீட்டுக்கு முன்னாடி அத தான் எழுதணும், யாருமே எழுதறதில்ல. ஆன்லைன்ல ஏற்காடு ரிசார்ட்டுங்களுக்கு வர்ற ரிவ்யூவ எடுத்து பாருங்க, பன்னீர் பட்டர் மசாலா உப்பா இருந்ததெல்லாம் இருக்கும், ரூமுக்கு பின்னாடி செங்குத்தா வெட்டி விட்ட மண்ணு நிக்குதேன்னு ஒருத்தர் கூட எழுதியிருக்க மாட்டாங்க.

புக்கிங் கதைல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா எனக்கு இந்த எடம் பிடிச்சதே அங்க தான். ஐப்பசில ஒரு வீக்கெண்டுக்கு போட்டு வெச்சிருந்தேன், ரெண்டு நாளுக்கு முன்னாடி அக்கா போன் பண்ணி "தம்பி, சேலத்துக்கு ஆரஞ்சு அலர்ட் போட்டிருக்காங்க, நாங்க ஆரஞ்சு வந்தாவே யாரையும் ஏத்தறதில்ல, காசு திருப்பி போட்டுவிடவா, இல்ல வேற தேதிக்கு மாத்திக்கறீங்களா"ன்னு கேட்டாங்க. நான் தடுப்புச்சுவர் கட்டறவன், எனக்கே ஒரு நிமிஷம் என்ன சொல்றதுன்னு தெரியல. மழைல தான் ஏற்காடு அழகுன்னு கூப்புடற ஆளுங்கள தான் நாம பாத்திருக்கோம், மழைன்னு சொல்லி வர்ற காச வேண்டாங்கற ஆளு இவங்க தான். அப்புறம் வேற தேதிக்கு மாத்திகிட்டோம். அட்வான்ஸ்ல ஒரு ரூபா கூட பிடிக்கல.

சில பேர் இத ஓவர்னு சொல்லுவாங்க. "ஏற்காடு பாறை மலைங்க, இங்க என்ன ஆகப்போகுது, இது என்ன வயநாடா"ன்னு டீக்கடைல கேக்கறது சகஜம். 2024 டிசம்பர் மறந்து போச்சா என்ன. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரைய கடந்துச்சு, கடற்கரைக்காரங்க தான் பயந்துகிட்டு இருந்தாங்க, நாம இங்க 200 கிலோமீட்டர் தள்ளி நிம்மதியா தூங்கினோம். அது அங்கயே நின்னு நிதானமா நகர்ந்து உள்ள வந்து ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு. ஏற்காட்டுலயும் ஒரு நாள் கணக்கு 20 சென்டிமீட்டர தாண்டுச்சு, வானிலை மையம் கணக்குப்படி 20 தாண்டினாலே அது அதிகனமழை. மலை ரோட்டுல அங்கங்க மண்ணும் பாறையும் சரிஞ்சு வண்டிய நிறுத்திட்டாங்க, கீழ திருமணிமுத்தாறு ரோட்டுக்கு ஏறி வந்துச்சு. அதே புயல்ல தான் திருவண்ணாமலைல மலையடிவாரத்துல வீட்டு மேல மண்ணும் பாறையும் விழுந்து 7 பேர் போனாங்க, அதுல குழந்தைங்க தான் அதிகம். அண்ணாமலைய விட கெட்டியான மலைன்னு யாராச்சும் சொல்லுவாங்களா. கெட்டியா இருந்தா சரியாதுங்கற கணக்கே தப்பு.

நம்ம சேர்வராயன் மலை சார்னோகைட்டுங்கற பாறை, உள்ள கெட்டி தான், சந்தேகமே இல்ல. ஆனா மேல லட்சக்கணக்கான வருஷம் வெயிலும் மழையும் பட்டு பட்டு வெங்காயத்தோலு மாதிரி அடுக்கடுக்கா உரிஞ்சு செம்மண்ணா ஆயிருக்கும், அந்த மண்ணுக்குள்ள உரியாம மிச்சமான உருண்டை பாறைங்க பொதைஞ்சு கெடக்கும். மழைத்தண்ணி மண்ணுக்குள்ள சுலபமா இறங்கும், பாறைய தொட்ட எடத்துல அதுக்கு மேல இறங்க முடியாம நின்னுக்கும். நிக்கிற தண்ணி மண்ண பாறை மேல இருந்து லேசா தூக்கி விடும், மண்ணுக்கும் பாறைக்கும் நடுவுல இருக்கிற பிடிப்பு போயிடும், அவ்வளவு தான், அடில யாரோ ஜேசிபி விட்டு ஒரு ரூம் கட்டறதுக்கு சரிவோட அடிப்பகுதிய வெட்டி வெச்சிருந்தாங்கன்னா மொத்தமா இறங்கிடும். அதனால தான் சொல்றேன் மலைல பில்டிங் எவ்வளவு கெட்டியா கட்டினாங்கன்னு கேக்காதீங்க, தண்ணிய எங்க கொண்டு போய் விடறாங்கன்னு கேளுங்க.

இங்க விட்டிருக்கிற விதம் எனக்கு ரொம்ப பிடிச்சுது. ரூமுங்களுக்கு பின்னாடி மண்ண வெட்டி தான் இருக்காங்க, வெட்டாம மலைல கட்ட முடியாது, ஆனா ஒரே செங்குத்தா வெட்டாம ரெண்டு படியா வெட்டி ஒவ்வொரு படிக்கும் கருங்கல் சுவர் வெச்சிருக்காங்க. சுவர்ல வீப் ஹோல், அதாவது பின்னாடி ஊறற தண்ணி வெளிய வர்றதுக்கு விடற ஓட்டை, சரியான எடைவெளில, மேல் வரிசை கீழ் வரிசை மாத்தி மாத்தி. வீப் ஹோல் விடறது பெரிய விஷயமில்ல, பைப்ப துண்டு போட்டு சொருகி விட்டா வீப் ஹோல் தான், பின்னாடி ஜல்லி ஃபில்டர் போடாம வெறும் மண்ண தள்ளி மூடினா ஒரே மழைல அடைச்சுக்கும். நாங்க தங்கின ராத்திரி நல்ல மழை. காலைல எழுந்த உடனே பின்னாடி போய் பாத்தேன், அத்தன ஓட்டைல இருந்தும் தண்ணி சொட்டிகிட்டு இருந்துச்சு, கலங்காம தெளிவா. இது தான் பாக்க வேண்டியது. மேல மண்ணு சொதசொதன்னு ஊறி இருக்கு, ஆனா சுவர்ல ஓட்டை எல்லாம் காஞ்சு கெடக்குன்னா தண்ணி பின்னாடி மாட்டிகிச்சுன்னு அர்த்தம், அந்த ரூம்ல நான் படுக்க மாட்டேன். சொட்டற தண்ணி சேறா கலங்கி வந்தாலும் நல்லதில்ல, பின்னாடி மண்ணு கரைஞ்சு வருதுன்னு அர்த்தம்.

சரிவுக்கு மேல தலைப்புல ஒரு கால்வாய் எடுத்து கல்லு பதிச்சிருக்காங்க, மேல இருந்து ஓடி வர்ற தண்ணி சுவர் பக்கமே வராம பக்கத்துல இருக்கிற ஓடைக்கு போயிடும். கூரைத்தண்ணி எல்லாம் பைப்புல எறங்கி அதே மாதிரி ஓடைக்கு. செப்டிக் டேங்க்கும் உறிஞ்சு குழியும் ரூமுக்கு மேல் பக்கம் இல்லாம ஓரமா, கீழ தள்ளி. நிறைய எடத்துல உறிஞ்சு குழிய சரிவோட விளிம்புல தோண்டி வெச்சிருப்பாங்க, மழையே இல்லாட்டியும் தினம் மண்ண ஊற வெச்சுகிட்டே இருக்கும், அத யாரும் கணக்குல எடுக்கறதில்ல.

இதுக்கு முன்னாடி ஏற்காட்டுலயே ஒரு பெரிய ரிசார்ட்டுல தங்கினோம், பேரு வேண்டாம். ரூம் வாடகை இதுக்கு மூணு மடங்கு. அங்க பால்கனி அப்படியே பள்ளத்தாக்கு மேல தொங்கும், போட்டோவுக்கு சூப்பர், ஆனா அந்த பால்கனி நிக்கறது வெட்டின மண்ண முன்னாடி தள்ளி நிரப்பின எடத்துல. நிரப்பின மண்ணு எத்தன வருஷம் ஆனாலும் பொறந்த மண்ணா ஆகாது. நடைபாதை டைல்ஸ் பள்ளத்துக்கு பக்கவாட்டா நீளமா விரிசல் விட்டிருந்துச்சு, விரிசல்ல சிமெண்ட் பூசி மேல பெயிண்ட் அடிச்சிருந்தாங்க, அந்த பூச்சும் திரும்ப விரிஞ்சிருந்துச்சு. கதவு வேற சரியா சாத்தல, அமுக்கி தள்ளணும். பழைய வீட்டுல கதவு சாத்தலன்னா மரம் ஊறிப்போச்சுன்னு விடலாம், சரிவு மேல இருக்கிற புது பில்டிங்ல கதவு ஜன்னல் பிடிக்குதுன்னா ஃப்ரேம் கோணலாகுது, கீழ மண்ணு நகருதுன்னு சந்தேகப்படணும். ரிசப்ஷன்ல கேட்டேன், "சார் அது சும்மா ஷ்ரிங்கேஜ் கிராக், சிமெண்ட் காயறப்ப விடற விரிசல்"னு சொன்னாரு அந்த பையன், பாவம் அவனுக்கு சொல்லிக் குடுத்தது அவ்வளவு தான்.

சரி இந்த எடத்துக்கு வருவோம். இங்க பாத்துக்கற அண்ணன் ஒருத்தர் இருக்காரு, மலைல பொறந்து வளர்ந்தவரு, ஏற்காட்டுல ஒவ்வொரு ஓடையும் எங்க பொறந்து எங்க சேருதுன்னு வாயாலயே சொல்லுவாரு. தினமும் காலைல எட்டரைக்கு மழைமானில அளவு எடுத்து நாட்காட்டி தாள்ல எழுதறாரு. காபி எஸ்டேட்டுல இது பழைய பழக்கம், மார்ச் ஏப்ரல்ல பூ மழை எவ்வளவு பெஞ்சுதுங்கறத வெச்சு தான் அந்த வருஷத்து காப்பே. இன்னும் இஞ்ச் சென்ட் கணக்கு தான், நூறு சென்ட் ஒரு இஞ்ச். நாங்க இருந்தப்ப "ஒரு இஞ்ச் எண்பது சென்ட் சார்"னாரு, கணக்கு போட்டா 46 மில்லிமீட்டர் வருது. "இதுக்கெல்லாம் பயமில்ல சார், மூணு இஞ்ச் தாண்டிச்சுன்னா நான் தூங்க மாட்டேன், அதுக்கு முந்தின நாலு நாளும் விடாம பேஞ்சு மண்ணு ஊறி இருந்தா ரெண்டு இஞ்சுக்கே முழிச்சுக்குவேன்"னு சொன்னாரு.

இந்த பேச்சு எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு, ஏன்னா இலங்கைல தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்கு சொல்லிக் குடுக்கிற கணக்கும் கிட்டத்தட்ட இதே தான். 24 மணி நேரத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினா கவனமா இரு, 100 தாண்டினா மூட்டைய கட்டி ரெடியா இரு, 150 தாண்டினாலோ, ஒரு மணி நேரத்துல 75 பெஞ்சாலோ கிளம்பிடு. மூணு இஞ்ச்ங்கறது 76 மில்லிமீட்டர். அண்ணன் இத எங்கயும் படிக்கல, பாத்து பாத்து பழகினது. எல்லா மலைக்கும் ஒரே அளவு பொருந்தாது, மண்ணு, சரிவு, முந்தின நாள் மழை எல்லாத்தயும் பொறுத்து மாறும், ஆனாலும் ஒரு அளவு கைல இருக்கறது ஒண்ணுமே இல்லாம இருக்கறத விட எவ்வளவோ மேல். வயநாட்டுல கல்பெட்டால இருக்கிற ஹியூம் சென்டர்ங்கற ஆராய்ச்சி அமைப்பு தோட்டக்காரங்க வீட்டுல எல்லாம் மழைமானி வெச்சு அளவு வாங்கறாங்க, 2024 ஜூலை 30 விடியக்காலைல முண்டக்கை சூரல்மலை ஊருங்க மண்சரிவுல போறதுக்கு முந்தின நாளே அவங்க ஆபத்துன்னு தகவல் குடுத்துட்டாங்க. அங்க 48 மணி நேரத்துல 57 சென்டிமீட்டர் பெஞ்சுது. மலை பிளந்த எடத்தோட உயரம் 1550 மீட்டர்னு இஸ்ரோ படத்த வெச்சு சொன்னாங்க, கிட்டத்தட்ட நம்ம ஏற்காடு உயரம். அங்க இருந்து சேறும் பாறையும் மரமும் ஆத்து வழியா 8 கிலோமீட்டர் ஓடுச்சு. ஊரு இருந்தது சரிஞ்ச எடத்துல இல்ல, கீழ ஆத்தோரம். இத நல்லா மனசுல வாங்கிக்கோங்க, நம்ம ரூமுக்கு பின்னாடி இருக்கிற மண்ணு கெட்டியா இருந்தா மட்டும் போதாது, நம்ம பக்கத்துல ஓடற ஓடை எங்க இருந்து வருதுன்னும் பாக்கணும்.

அதுலயும் இந்த எடம் தப்பிச்சுக்குது. ரூமுங்க எல்லாம் ஓடைல இருந்து நல்லா ஏத்தத்துல, மேட்டோட முதுகுல இருக்கு. பழைய வெள்ளக்காரன் பங்களா ஒண்ணு அதுக்கும் மேல இருக்கு, ஓட்டுக்கூரை, மர தூணு, அங்க தான் சாப்பாடு. ராத்திரி மழை வலுத்தா ரூம்ல இருக்கறவங்கள எழுப்பி அந்த ஹாலுக்கு கூட்டிட்டு போயிடுவேன்னு அண்ணன் செக்கின் பண்ணும்போதே சொல்லிட்டாரு, டார்ச்சும் விசிலும் ரூமுக்கு ஒண்ணு குடுத்தாங்க. பசங்களுக்கு விசில் குடுத்தது தான் தப்பா போச்சு, விடிய விடிய ஊதிட்டு இருந்தானுங்க. பழைய எஸ்டேட்டுங்கள கவனிச்சு பாத்தீங்கன்னா துரை பங்களா பெரும்பாலும் மேட்டு முதுகுல இருக்கும், கூலி லைன் வீடுங்க கீழ, தண்ணிக்கு பக்கத்துல, பள்ளத்துல இருக்கும். தண்ணி எடுக்க வசதின்னு சொல்லுவாங்க. மூணாறு பக்கம் பெட்டிமுடில 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மண்சரிவுல போன 70 பேரும் லைன் வீட்டு ஜனங்க, நம்ம கயத்தாறு பக்கத்துல இருந்து போன குடும்பங்க தான் நிறைய. கரண்டும் போனும் இல்லாததால விஷயம் வெளிய தெரியவே மறுநாள் காலைல ஆயிடுச்சு.

இந்த எடத்துலயும் போன் சிக்னல் சுத்தமா மோசம், இதுக்கு நான் ஸ்டார் குறைக்கறேன். ஒரே ஒரு நெட்வொர்க் பங்களா வாசல்ல ஒரு மூலைல மட்டும் வரும், மழைல அதுவும் போயிடும். வைஃபை இருக்கு, கரண்ட் போனா போச்சு. அக்காகிட்ட இன்வெர்ட்டர்ல ரூட்டர மாட்டுங்க, பேட்டரில ஓடற ஒரு ரேடியோவாச்சும் வைங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மாவட்ட கன்ட்ரோல் ரூம் 1077, மாநிலத்துக்கு 1070, ரெண்டையும் சுவத்துல எழுதி ஒட்டியிருக்காங்க, நல்ல விஷயம், ஆனா சிக்னல் இல்லாம அத வெச்சு என்ன பண்றது.

சாப்பாட்டு நேரத்துல பெங்களூர்ல இருந்து வந்த ஒரு தர்மபுரிக்கார ஜோடி, அடுத்த வருஷம் இமயமலைல சார்தாம் யாத்திரை போறாங்களாம், நான் சுவர பத்தி பேசிட்டு இருந்தத கேட்டுட்டு "அங்க ரூம் போட்டா என்னண்ணா பாக்கணும்"னு கேட்டாங்க. அங்க கணக்கே வேறன்னு சொன்னேன். நம்ம பக்கம் பெரும்பாலும் மழை தான் காரணம். அங்க பனிப்பாறை, ஏரி, நிலநடுக்கம், இளசான மலை, எல்லாம் சேர்ந்து வரும். 2021 பிப்ரவரி 7, உத்தரகாண்ட் சமோலில சொட்டு மழை இல்ல, நல்ல வெயில் காலைல ரோந்தி மலைல இருந்து பாறையும் பனியும் மொத்தமா பேத்துகிட்டு ரிஷிகங்கா ஆத்துல விழுந்து ரெண்டு மின் திட்டத்த அடிச்சுட்டு போச்சு, 200 பேருக்கு மேல போனாங்க. கேதார்நாத்ல 2013 ஜூன்ல கோயிலுக்கு மேல இருந்த சோராபாரி ஏரி கரை உடைஞ்சு இறங்குச்சு. சிக்கிம்ல 2023 அக்டோபர்ல தெற்கு லோனாக் ஏரி உடைஞ்சு வந்து சுங்தாங் அணையவே காணாம பண்ணிடுச்சு. கீழ இருக்கறவனுக்கு வானத்த மட்டும் பாத்தா பல நேரம் ஒண்ணும் தெரியாது. அதனால அங்க வானத்த மட்டும் பாத்தா போதாது, நிக்கிற தரையையும் பாருங்க. 2025 ஆகஸ்ட் 5 தராலி வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க, கங்கோத்ரி போற வழி, கீர் கங்கா ஓடை சேறா இறங்கி கண்ணு மூடி தொறக்கறதுக்குள்ள நாலு மாடி ஹோட்டல எல்லாம் தள்ளிட்டு போச்சே. அந்த ஹோட்டலுங்க நின்னது ஓடை மலைய விட்டு எறங்கி பாகீரதில சேர்ற எடத்துல விசிறி விரிச்ச மாதிரி பரந்து கெடந்த சமதளத்துல. மலைல அவ்வளவு தாராளமா சமதளம் யாரு போட்டு வெச்சான்னு ஒரு நிமிஷம் யோசிங்க, அந்த ஓடையே முன்ன ஒரு தடவ இதே மாதிரி வந்து கொட்டிட்டு போன மண்ணு தான் அது. அந்த பொண்ணு உடனே புக் பண்ணின ஹோட்டல மேப்ல எடுத்து சேட்டிலைட் படத்த பெருசு பண்ணி காட்டிச்சு. ஆத்து வளைவுல தண்ணியோரமா இருந்துச்சு. மாத்திடறோம்னு சொன்னாங்க.

குளிக்கற ஆசைல ஓடைக்கு போறவங்களுக்கும் இதே தான். இங்க எஸ்டேட்டுக்குள்ள ஒரு சின்ன அருவி இருக்கு, ஆள் உயரம் தான், ஆனா மேல் பக்கம் மேகம் கருத்தா அண்ணன் யாரையும் விட மாட்டாரு. பசங்க அழுதானுங்க, நம்ம தலைக்கு மேல வெயில் அடிக்குதுன்னு நானும் சும்மா கேட்டு பாத்தேன், "சார் தண்ணி உங்க தலைக்கு மேல இருந்து வரல, அந்த மலைக்கு மேல இருந்து வருது"ன்னாரு. பழைய குற்றாலத்துல 2024 மே மாசம் அப்படி தான், கோடை மழை மேல காட்டுல பெஞ்சு திடீர்னு தண்ணி வந்து ஒரு 17 வயசு பையன இழுத்துட்டு போச்சு. ஓடைத்தண்ணி திடீர்னு கலங்கினா, இலை குச்சி நெறைய வந்தா, கூழாங்கல்லு உருளற சத்தம் கேட்டா கரையேறிடணும். அத விட மோசம், கொட்டற மழைல ஓடைல தண்ணி திடீர்னு குறையறது. மேல எங்கயோ மண்ணு சரிஞ்சு அணை கட்டின மாதிரி மறிச்சிடுச்சு, அது உடைஞ்சா மொத்தமா வரும். அப்ப செல்ஃபி எடுக்காம மேட்டுக்கு ஓடணும், ஓடை போற திசைல ஓடக்கூடாது, பக்கவாட்டுல மேட்ட பாத்து.

இப்ப குறை. பெரிய குறையா எனக்கு பட்டது புதுசா கட்டற காட்டேஜ். பங்களாவுக்கு மேற்கால, கீழ் சரிவுல, ஜேசிபி விட்டு ஒரு ஆள் உயரத்துக்கு மேல வெட்டி அப்படியே விட்டிருக்காங்க. சுவர் இல்ல, தலைப்புல கால்வாய் இல்ல, வெட்டின மண்ண கீழயே தள்ளி குவிச்சிருக்காங்க. மழைல அந்த குவியல் கரைஞ்சு ஓடைய அடைச்சா கீழ இருக்கிற குறும்பாலம் தாங்காது, அது வெறும் ரெண்டு சிமெண்ட் பைப் போட்ட பாலம். வெட்டு மேல நிக்கிற ரெண்டு சில்வர் ஓக் மரம் லேசா பள்ளத்து பக்கம் சாய்ஞ்சிருக்கு. சில்வர் ஓக் நேரா தான் வளரும், சாயுதுன்னா மண்ணு மெதுவா ஊர்ந்துட்டு இருக்குன்னு அர்த்தம். அக்காகிட்ட சொன்னேன். "ஆமா தம்பி, காபி எடுத்து முடிஞ்சதும் சுவர் வெச்சிடலாம்னு இருக்கோம், வெளிநாட்டுல இருக்கிற தம்பி தான் அவசரப்படுத்தி ஆரம்பிச்சுட்டான்"னாங்க. மண்ண வெட்டறதுக்கு முன்னாடி கால்வாய், வெட்டின உடனே சுவர், அது தான் வரிசை, மழைக்காலம் முழுக்க தொறந்து விடறது நல்லதில்லக்கான்னு சொல்லி இப்போதைக்கு தலைப்புல ஒரு மண் கால்வாயாச்சும் வெட்டி வெட்டுமுகத்துக்கு தார்ப்பாய் போட சொல்லியிருக்கேன். மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்து அனுமதி இருக்கான்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, விருந்தாளியா போன எடத்துல அதுக்கு மேல முடியல. இது சரியாகற வரைக்கும் அந்த பக்கத்து ரூம் நாலாம் நம்பர் வேண்டாம், ஒண்ணு ரெண்டு கேளுங்க. இதுக்கும் சிக்னலுக்கும் சேர்த்து தான் மொத்தத்துல 5க்கு 4 குடுக்கறேன்.

சாப்பாடு சுமார். காலைல இட்லியும் பூண்டு சட்னியும் நல்லா இருந்துச்சு, ராத்திரி சப்பாத்திக்கு ஒன்றரை மணி நேரம் காக்க வெச்சாங்க, நாங்க சேலம் அஞ்சு ரோட்டுல வாங்கிட்டு போன தட்டுவடை செட்டு தான் பசங்கள காப்பாத்துச்சு. காபி அவங்க தோட்டத்துலயே வறுத்து அரைச்சது, சிக்கரி இல்லாம, இதுக்கு மட்டும் தனியா ஒரு ஸ்டார் குடுக்கலாம். கெய்சர் ரெண்டு பக்கெட்டோட நின்னுடும். அட்டை இருக்கு, உப்பு கொண்டு போங்க. பெட்ஷீட் சுத்தம், வீட்டம்மா சொல்ல சொன்னாங்க. வியூன்னு பெருசா இல்ல, காபி செடியும் மிளகு கொடி ஏறின சில்வர் ஓக்கும் தான் தெரியும், பள்ளத்தாக்கு பாக்கணும்னா பகோடா பாயிண்ட்டுக்கோ லேடீஸ் சீட்டுக்கோ வண்டி எடுத்துட்டு போய் பாத்துக்க வேண்டியது தான். ரெண்டு பேருக்கு ஒரு ராத்திரி 3500, டிபனோட, சீசன்லயும் அதே ரேட்டு.

கடைசி அரை கிலோமீட்டர் மண்ரோடு, செடான் கார் அடி தட்டும். அடிவாரம் வழியா 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தாலும் சரி, அயோத்தியாப்பட்டணம் குப்பனூர் வழியா வந்தாலும் சரி, மழை நாள்ல வெளிச்சம் இருக்கும்போதே ஏறிடுங்க, புதுசா வெட்டுன பாறைக்கு கீழயோ மண்ணு கொட்டி கெடக்கற எடத்துலயோ வண்டிய ஓரங்கட்டி டீ குடிக்காதீங்க. நாய் ஒண்ணு இருக்கு, குலைக்கும், கடிக்காது. புக்கிங் போன்ல மட்டும் தான், அதுவும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல பண்ணா எடுப்பாங்க, அந்த நேரம் தான் அக்கா சிக்னல் வர்ற மூலைல உக்காந்திருப்பாங்க.